டிம் மாமா கடையில் பட்ஜெட் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

'பிசி பில்டிங் சிமுலேட்டர்' விளையாட்டைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் இரண்டே விஷயங்கள்: பட்ஜெட்டுக்குள் பார்ட்ஸ் எப்படித் தேர்ந்தெடுப்பது, ஓவர்கிளாக்கிங் (பார்ட்டை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது) எப்படிச் செய்வது. விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: டிம் என்ற உறவினர் நம் தலையில் கட்டிவிட்டுப் போன கணினி ரிப்பேர் கடையை நடத்தி, மெயிலில் வரும் வேலைகளை முடித்து, காசு பார்க்க வேண்டும். டிம் நமக்குச் சித்தப்பாவா, மாமாவா என்பது ஆங்கிலத்துக்கே வெளிச்சம். மாமா என்றே வைத்துக்கொள்வோம். ருமேனியாவின் கிளாவுடியு கிஸ் 2017இல் முன்னோட்டமாக வெளியிட்ட இது, 2018 மார்ச் 27 அன்று ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஆரம்பநிலைப் பதிப்பாகவும், 2019 ஜனவரி 29 அன்று முழுப் பதிப்பாகவும் வந்தது.

கேள்வி: வாடிக்கையாளர் '3டி மார்க்கில் இத்தனை ஸ்கோர் வேண்டும், பட்ஜெட் இவ்வளவுதான்' என்கிறார். நல்ல பிராசஸராகப் பார்த்து வாங்கிப் போட்டும் ஸ்கோர் எட்டவில்லை. எங்கே தப்பு? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: பிராசஸரில்தான். 3டி மார்க் என்பது கணினியின் வேகத்துக்கு மதிப்பெண் போடும் மென்பொருள். விளையாட்டில் ஓடுவது அதன் 'டைம் ஸ்பை' சோதனை. அதில் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு ஸ்கோர், பிராசஸருக்கு ஒரு ஸ்கோர் வரும். மொத்த ஸ்கோரில் கிராபிக்ஸுக்கு 85 பங்கு, பிராசஸருக்கு 15 பங்கு. ஆனால் சாதாரண சராசரி இல்லை. 0.85ஐக் கிராபிக்ஸ் ஸ்கோரால் வகுங்கள், 0.15ஐப் பிராசஸர் ஸ்கோரால் வகுங்கள், இரண்டையும் கூட்டுங்கள், 1ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுங்கள். வருவதுதான் மொத்த ஸ்கோர்.

கிராபிக்ஸ் 6,000, பிராசஸர் 4,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 5,580 வரும். இப்போது பிராசஸரை 10 சதவீதம் உயர்த்தி 4,400 ஆக்குங்கள்: 5,690. கூடுதல் 110 கூட இல்லை. அதே 10 சதவீதத்தைக் கிராபிக்ஸில் ஏற்றி 6,600 ஆக்கினால் 6,014 வரும். கூடுதல் 430க்கு மேல். ஒரே அளவு உழைப்புக்குக் கூலி நான்கு மடங்கு. அதனால் பட்ஜெட்டில் முதலில் எடுத்துவைக்க வேண்டியது கிராபிக்ஸ் கார்டின் பணம். மிச்சத்தில்தான் மற்றவை.

அதற்காக இருப்பதிலேயே மலிவான பிராசஸரைச் செருகிவிடாதீர்கள். இந்தச் சூத்திரத்தில் பலவீனமானவர் மற்றவரையும் கீழே இழுப்பார். கிராபிக்ஸ் அதே 6,000, பிராசஸர் 2,000 என்றால் மொத்தம் 4,615க்கு விழுந்துவிடும். இந்த இடத்தில் ஒரு படி மேலான பிராசஸர் வாங்கி 2,600க்குக் கொண்டுபோனால் 5,016 கிடைக்கும். அப்படிச் செய்யாமல் கார்டை மட்டும் 6,600க்கு ஏற்றினால் 4,907தான். அடிமட்டத்தில் பிராசஸரை ஒரு படி ஏற்ற ஆகும் டாலர் குறைவு, கிடைக்கும் சதவீதம் அதிகம். 'எந்தப் பார்ட் பெரிது' என்று பார்க்காதீர்கள். 'ஒரு டாலருக்கு எத்தனை சதவீதம்' என்று பாருங்கள். நம் அனுபவத்தில் பிராசஸர் ஸ்கோர் கிராபிக்ஸ் ஸ்கோரில் பாதிக்குக் கீழே இருந்தால் ஒருமுறை நின்று யோசிக்கலாம். அதற்கு மேல் இருந்தால் மிச்சக் காசெல்லாம் கார்டுக்கே.

கடைக் கணினியில் இருக்கும் பார்ட் தரவரிசை ஆப் இதற்கென்றே வந்தது. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே அதைத் திறந்து, உங்கள் லெவலுக்குக் கடையில் கிடைக்கும் கார்டுகளில் எது தேறும் என்று பார்த்துவிடுங்கள். லெவல் குறைவாக இருக்கும்போது பெரிய கார்டுகள் கடையில் பூட்டியே இருக்கும். ஆசைப்பட்டு வேலையை எடுத்துவிட்டு, தேவையான பார்ட் வாங்கவே முடியாமல் விழிப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: எந்தெந்தப் பார்ட்டில் கை வைத்துச் சிக்கனம் பிடிக்கலாம்? (ஈரோடு)

பதில்: ஸ்கோருக்குச் சம்பந்தமே இல்லாதவை கேபினட், ஹார்டு டிஸ்க், வண்ண விளக்கு, அழகான கேபிள். மெயிலில் கேட்டிருந்தால் ஒழிய இவற்றில் மலிவானதே போதும். ஆனால் மலிவான கேபினட் வாங்கும்போது அளவு பாருங்கள். மதர்போர்டு அளவு, கிராபிக்ஸ் கார்டின் நீளம், கூலரின் உயரம், எஸ்எம்பிஎஸ்ஸின் (மின்சாரம் தரும் பெட்டியின்) நீளம் ஆகிய நான்கும் கேபினட்டின் விவரத்தில் இருக்கும். மூன்று டாலர் மிச்சப்படுத்தப் போய், கார்டு உள்ளே நுழையாமல் இன்னொரு கேபினட்டை அவசர டெலிவரியில் வரவழைத்தால் அந்த வேலையின் லாபம் லாரிக்காரருக்குப் போய்விடும்.

மதர்போர்டிலும் சிக்கனம் பிடிக்கலாம். விலையுயர்ந்த போர்டு போட்டதற்காக ஸ்கோர் ஏறாது. சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) பொருந்துகிறதா, ரேமின் வேகத்தைத் தாங்குமா, ஓவர்கிளாக் செய்யும் உத்தேசம் இருந்தால் அதற்கு இடம் தருமா என்பது மட்டுமே கேள்வி. நிஜ உலக விதியைத் தெரிந்துவைத்திருந்தால் விளையாட்டிலும் வழி தெரியும். ஏஎம்டி ரைசன் பிராசஸர்கள் ஏறக்குறைய எல்லாமே பூட்டப்படாதவை (வேகத்தை மாற்ற விடுபவை), ஆனால் ஏ320 என்ற சிப்செட் (போர்டை நடத்தும் சில்லு) உள்ள போர்டில் அவற்றை ஓவர்கிளாக் செய்ய முடியாது. பி350, பி450, எக்ஸ்470 போன்றவற்றில் முடியும். இன்டெல்லில் பெயரின் கடைசியில் 'கே' எழுத்து உள்ள பிராசஸரும், இசட்370, இசட்390 போன்ற இசட் வரிசைப் போர்டும் சேர்ந்தால்தான் பெருக்கெண் (வேகத்தைத் தீர்மானிக்கும் எண்; விளக்கம் கீழே) நகரும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் கூடுதலாகக் கொடுத்த பணம் தண்டம். ஓவர்கிளாக் செய்யாத வேலைக்கு 'கே' பிராசஸர் வாங்குவதும் அப்படித்தான்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கணக்குப் போடாமல் குறைக்காதீர்கள். ஒவ்வொரு பார்ட்டின் வாட் அளவும் விவரத்தில் உண்டு. ரைசன் 5 1600 என்றால் 65 வாட், ஜிடிஎக்ஸ் 1060 என்றால் 120, போர்டு, ரேம், டிஸ்க், விசிறி எல்லாம் சேர்த்து ஒரு 50 என்றால் மொத்தம் 235. இதற்கு 450 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். 750 வாட் வாங்கினால் வீண். அதே கணினியில் ஆர்எக்ஸ் 580 போட்டால் கார்டு மட்டுமே 185 வாட். ஓவர்கிளாக் சேர்ந்தால் இன்னும் ஏறும். அதனால் கூட்டுத்தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்காவது இடம் விடுங்கள்.

கேள்வி: 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காகப் போட்டால் என்ன, இரண்டு 8 ஜிபியாகப் போட்டால் என்ன? விலை ஒன்றுதானே? (யாழ்ப்பாணம்)

பதில்: இரண்டாகவே போடுங்கள். பிராசஸர் ஸ்கோர் மூன்று விஷயங்களால் மாறும்: பிராசஸரின் வேகம், ரேமின் வேகம், ரேம் எத்தனை சேனலில் (பிராசஸரோடு பேசும் பாதையில்) ஓடுகிறது. ஒற்றை ஸ்டிக் என்றால் ஒரே சேனல்தான். கொள்ளளவு ஸ்கோரை ஏற்றாது. மெயிலில் 8 ஜிபி போதும் என்றால் இரண்டு 4 ஜிபி. ஏற்கெனவே உள்ள ஸ்டிக்கோடு புதியதைச் சேர்க்கும்போது வேகம் ஒன்றாக இருக்கட்டும். வேறுபட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும். நிஜக் கணினியில் நான்கு இடங்கள் இருந்தால் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2வது, 4வது இடங்களில் செருகுவதே பெரும்பாலான போர்டுகளின் வழக்கம்.

கேள்வி: பிராசஸரை ஓவர்கிளாக் செய்தால் உடனே ப்ளூ ஸ்கிரீன் வருகிறது. படிப்படியாகச் சொல்ல முடியுமா? (கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் கேள்வியில் 'உடனே' என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது. ஒரே தாவலில் உச்சிக்குப் போகிறீர்கள்.

முதலில் ஓவர்கிளாக் செய்யாமல் கணினியைக் கட்டி முடித்து, விண்டோஸ் வரை வரவிடுங்கள். யுஎஸ்பி செருகி 3டி மார்க், ஓசிசிடி (கணினி விழாமல் தாங்குகிறதா என்று சோதிக்கும் மென்பொருள்) இரண்டையும் நிறுவுங்கள். நிறுவிய பின் மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்பதை மறந்துவிட்டு 'ஐகானைக் காணோம்' என்று தேடுகிறவர்கள் உண்டு. ஒருமுறை 3டி மார்க் ஓட்டி ஸ்கோரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிராசஸரின் வெப்பத்தையும் பாருங்கள். இயல்பு வேகத்திலேயே கொதிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்தி, கூலரைக் கவனியுங்கள்.

இனி பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை. அதில் மூன்று எண்கள் முக்கியம்: அடிப்படை கடிகார வேகம், பெருக்கெண், வோல்டேஜ். வேகம் என்பது முதல் இரண்டின் பெருக்கல். அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 36 என்றால் 3.6 கிகாஹெர்ட்ஸ். அடிப்படை வேகத்தைத் தொடாதீர்கள். பெருக்கெண்ணை மட்டும் ஏற்றுங்கள். ரைசனில் 0.25 என்ற சிறு படியாகவும் இன்டெல்லில் ஒவ்வொன்றாகவும் ஏறும். முதலில் வோல்டேஜை அப்படியே வைத்துக்கொண்டு பெருக்கெண்ணை ஒரு படி ஏற்றி, சேமித்து, விண்டோஸுக்கு வந்து ஓசிசிடி ஓட்டுங்கள். தேறினால் அடுத்த படி. எந்தப் படியில் விழுகிறதோ அங்கே வோல்டேஜை 0.01 அல்லது 0.02 ஏற்றி அதே பெருக்கெண்ணை மறுபடி சோதியுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. உங்கள் ப்ளூ ஸ்கிரீனுக்குக் காரணம், கூடுதல் வேகத்துக்குத் தேவையான வோல்டேஜ் போகாததுதான்.

அப்படியானால் முதலிலேயே வோல்டேஜை அள்ளிக் கொடுத்துவிட்டால் என்ன? வெப்பம். பிராசஸர் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். 3.2 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்டில் ஓடுவதை 3.8 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்டுக்குக் கொண்டுபோனால் வேகம் 19 சதவீதம்தான் கூடும். மின்சாரமும் வெப்பமும் 50 சதவீதம் கூடும். 95 வாட் பிராசஸர் 140 வாட்டைத் தாண்டும். பெட்டியோடு வந்த கூலர் அதைத் தாங்காது. மேலே போட்ட எஸ்எம்பிஎஸ் கணக்கும் மாறும்.

மெயிலில் 'பிராசஸரை இந்த வேகத்துக்கு ஓவர்கிளாக் செய்' என்று நேரடியாகக் கேட்டிருந்தால் அந்த எண்ணோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனதற்கு யாரும் இனாம் தரப்போவதில்லை.

கேள்வி: ஸ்கோர் 5,580 வருகிறது. வாடிக்கையாளர் கேட்டது 5,700. பார்ட் மாற்றாமல் எட்ட முடியுமா? (சென்னை)

பதில்: முடியும். ஆனால் பயாஸுக்குப் போகாதீர்கள், கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை மாற்றும் ஜிபியு டியூனர் ஆப்புக்குப் போங்கள். முதல் பதிலில் சொன்ன அதே சூத்திரம்தான். பிராசஸரை வியர்க்க வியர்க்க 10 சதவீதம் ஏற்றினாலும் 5,690. பத்துப் புள்ளி குறையும். கிராபிக்ஸ் ஸ்கோரை 6,000இலிருந்து வெறும் 3 சதவீதம் ஏற்றி 6,180 ஆக்கினால் 5,713 வந்துவிடும். ஓவர்கிளாக் என்றதும் எல்லோருக்கும் பிராசஸர்தான் நினைவுக்கு வருகிறது. இந்தச் சோதனையைப் பொறுத்தவரை அது இரண்டாவது கதவு.

ஜிபியு டியூனரில் கோர் வேகம், மெமரி வேகம் என்று இரண்டு உண்டு. கோரை 20 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, மாற்றத்தைப் பொருத்தி, 3டி மார்க் ஓட்டுங்கள். தேறினால் இன்னொரு 20. சோதனை நடுவில் செத்துப்போனால் கடைசியாகத் தேறிய எண்ணுக்கு இறங்கி, அதை அப்படியே விட்டுவிட்டு மெமரியை ஏற்றத் தொடங்குங்கள். 1,700 மெகாஹெர்ட்ஸ் கோருக்கு 3 சதவீதம் என்பது சுமார் 50. கோரை மட்டும் 3 சதவீதம் ஏற்றினால் ஸ்கோர் முழுதாக 3 சதவீதம் ஏறிவிடாது, மெமரியும் கூட வர வேண்டும்.

500, 600 புள்ளி குறைகிறது என்றால் ஓவர்கிளாக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். கார்டு தேர்வே தப்பு.

கேள்வி: ஒரு பெரிய கார்டுக்குப் பதிலாக இரண்டு சின்னக் கார்டுகள் லாபமா? (சிங்கப்பூர்)

பதில்: விளையாட்டில் சில வேளை லாபம்தான். இரண்டும் ஒரே சிப்பாக இருக்க வேண்டும், போர்டு அதை ஆதரிக்க வேண்டும், என்விடியா என்றால் நடுவில் எஸ்எல்ஐ பாலமும் (இரு கார்டுகளை இணைக்கும் துண்டு) வேண்டும். இதற்குத் தகுந்த போர்டு, இரட்டை வாட் எஸ்எம்பிஎஸ் எல்லாம் கூட்டிப் பார்த்தால் மிச்சம் கரைந்துவிடுவதும் உண்டு. நிஜத்தில் இந்த யோசனையை மறந்துவிடுங்கள். என்விடியா 2021 ஜனவரி 1 முதல் புதிய எஸ்எல்ஐ டிரைவர் புரொஃபைல்கள் (விளையாட்டுகளை இரட்டைக் கார்டில் ஓடவைக்கும் அமைப்புகள்) சேர்ப்பதை நிறுத்திவிட்டது. ஆர்டிஎக்ஸ் 30 வரிசை விளையாட்டுக் கார்டுகளில் 3090, 3090 டிஐ இரண்டில் மட்டுமே இணைப்புக்கான இடம் இருந்தது.

கேள்வி: விளையாட்டுக்குள் இருக்கும் பிசி பே ஏலத்தில் பழைய கணினி எடுத்தால் கையைக் கடிக்கிறது. (திருநெல்வேலி)

பதில்: ஏலம் கேட்பதற்கு முன் உள்ளே என்ன கார்டு, என்ன பிராசஸர் என்று பாருங்கள். அந்த இரண்டின் மதிப்பு ஏலத் தொகையைத் தாண்டவில்லை என்றால் தொடாதீர்கள். வாங்கிய பின் எல்லாவற்றையும் புதுப்பித்து விற்க நினைப்பதுதான் பலரும் செய்வது. புதுப் பார்ட்டுக்குக் கொடுத்த விலை முழுதாகத் திரும்பாது. கெட்டுப்போனதை மட்டும், கைவசம் கிடக்கும் பழைய பார்ட்டை வைத்து மாற்றுங்கள். வாடிக்கையாளரின் கணினியிலிருந்து கழற்றிய, வேலை செய்யும் பார்ட்ஸை அற்ப விலைக்கு உடனே விற்றுவிடாமல் சேர்த்துவைப்பது இதற்காகத்தான். மெயிலில் 'புதியது' என்று கேட்டிருந்தால் மட்டும் பழையதை நுழைக்காதீர்கள்.

கேள்வி: என் மகன் இந்த விளையாட்டில் ஐம்பது கணினி கட்டிவிட்டானாம். நிஜமாகவே ஒன்று கட்ட பார்ட்ஸ் வாங்கித் தரலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: தரலாம், அம்மா. எது எங்கே போகும், எந்த கேபிள் எதற்கு, தெர்மல் பேஸ்ட் (பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பசை) ஏன் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கும். முதன்முறை கட்டுகிறவர்கள் தடுமாறும் பாதி இடம் அதுதான். விளையாட்டு சொல்லித்தராத சிலவற்றை மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டில் எதையும் வளைக்க முடியாது. நிஜத்தில் ஏஎம்4 சாக்கெட் ரைசனின் அடியில் ஊசி ஊசியாகப் பின்கள் இருக்கும். இன்டெல்லில் அவை போர்டின் சாக்கெட்டில் இருக்கும். எதுவானாலும் பிராசஸரை அழுத்தக் கூடாது; தானாக உட்கார வேண்டும். கூலரைக் கழற்றும்போது இன்னும் கவனம். காய்ந்த பேஸ்ட் பசைபோலப் பிடித்து, ஏஎம்4 பிராசஸரைச் சாக்கெட்டிலிருந்து கூலரோடு பிடுங்கிவிடும். சில நிமிடம் கணினியை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாகத் திருகி மெல்ல எடுக்கச் சொல்லுங்கள். புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். பழையதைத் துடைக்காமல் மேலே பூசக் கூடாது.

ரேம் விஷயம் ஒன்று. 3200 என்று எழுதிய டிடிஆர்4 ஸ்டிக் முதன்முறை பெரும்பாலும் 2133 அல்லது 2400இல்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) என்பதை இயக்கினால்தான் கொடுத்த காசுக்கு வேகம் வரும்.

ஓவர்கிளாக்கிங்கை முதல் கோடையில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அறை வெப்பம் 10 டிகிரி ஏறினால் பிராசஸர் வெப்பமும் ஏறத்தாழ அந்த 10 டிகிரி ஏறும். மார்கழியில் 75 டிகிரியில் ஓடியது, அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத திருச்சி அறையில் 90ஐத் தொடலாம். ரைசன் 5 3600இன் உச்ச வரம்பே 95 டிகிரிதான். தவிர, ஒரே மாடல் பிராசஸர் இரண்டு வாங்கினால் இரண்டும் ஒரே வேகத்துக்கு ஏறாது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏறிய எண் இவனுக்கு ஏறாமல் போகலாம். அது அவன் தப்பில்லை.

கேள்வி: இரண்டாம் பாகம் ஸ்டீமில் கிடைக்குமா? (சேலம்)

பதில்: 2022 அக்டோபர் 12 அன்று வந்த இரண்டாம் பாகத்தை வெளியிட்டது எபிக். எபிக் கடையில் தேடுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தேன். ஸ்கோரும் வந்துவிட்டது. ஆனாலும் வேலை முடிந்ததாகக் காட்டவில்லையே? (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: கேபினட்டின் பக்கவாட்டுக் கதவை மாட்டினீர்களா? இரண்டு பக்கமும்?